மாமா கொடுத்த கார்

அம்மாவின் அண்ணன் எங்களுக்கு ஒரு பழைய காரைக் கொடுத்தபோது எனக்கு எட்டு வயது. திருப்பூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையில் வேறு யாரிடமும் கார் இல்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நான் ஒருத்தரையும் மதிக்கமாட்டேன்.

சீக்கிரமே அது குழியில் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து டங்கு டங்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அப்பா பனியன் கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக்கை அதிராமல் இருக்க அதன் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். அதைத் தட்டி வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரப்பர் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. சத்தம் கேட்காமலிருக்க, சைக்கிள் டியூபை வெட்டி அந்தச் சந்தில் திணித்திருந்தார்கள்.

சாவியைக் கொடுத்த அன்று மாமா, "பின்னாடி எல்லாம் புதுசா மாத்தியாச்சு அம்மிணி" என்று சொல்லியிருந்தார்.

அம்மா மாவுக் கையோடு வந்து டியூப் துண்டுகளை வாங்கிப் பார்த்தாள்.

"உடு, அண்ணன்தானே" என்றார் அப்பா.

"அண்ணன்னுதானுங்க கையெழுத்துப் போட்டேன்!" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "எங்கப்பன் காட்டுல பங்கே வேண்டாம்னு எழுதிக் குடுத்தவளுக்கு ஒரு நல்ல வண்டி குடுக்க மனசு வல்லீங்களா?"

அப்பா துண்டுகளை வாங்கி எறியப் போனார். அம்மா விடவில்லை.

"புதுசு வாங்கி மாட்டுங்க. துளி சத்தம் வரக்கூடாது."

மறு ஞாயிறு அப்பா புது புஷ்களை மாட்டி முடித்ததும், குண்டடத்தில் இருந்த மாமா வீட்டுக்கு மூவரும் கிளம்பினோம். அவ்வளவு மோசமான ரோட்டிலும் கார் மூச்சுக் காட்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தை நீட்டிய தண்ணீரை அம்மா வாங்கவில்லை. டியூப் துண்டுகளையும் கார் சாவியையும் மாமா முன்னால் வைத்தாள்.

"இப்பத்தானுங்கண்ணா நெசமாலுமே மாத்தியிருக்குது. நீங்களே வெச்சுக்குங்க."

மாமா சிரித்தார். "ஒரு ரப்பருக்கா அம்மிணி இத்தன கோவம்?"

"ரப்பருக்குன்னே வெச்சுக்குங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அப்பா தலையைக் குனிந்தபடி பின்னால் வந்தார். பழுது பார்த்த காரை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? நான் கத்தினேன், அவள் கையைக் கிள்ளினேன். அவள் என்னை அடிக்கவில்லை. அதனால் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

பஸ் கிளம்பியதும், "மாமா சும்மாதானே குடுத்தாரு, உனக்கென்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

ரோட்டோரம் ஒரு சோளக்காடு வந்தது. அது மறையும்வரை அம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது யார் காடு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் அவள் பக்கமே திரும்பாமல் ஊர்வரைக்கும் முறைத்துக்கொண்டு வந்தேன்.