பெரியம்மா வாங்கி வந்த ரிமோட்

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியில் டிஷ் பொருத்த வந்தவர், டீவிக்குக் கீழே வைத்த கறுப்புப் பெட்டியின் முகப்பில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, "இதாம்மா இதோட கண்ணு. இத்த மறைச்சிட்டா ரிமோட்டு வேல செய்யாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை அன்றே மறந்துவிட்டார். எட்டு வயதுக்காரியான நான் மறக்கவில்லை. பாடத்தைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கும்.

அப்போது பெரியம்மா எங்களோடு இருந்தார். அம்மாவின் அக்கா. பெரியப்பா இறந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை என்பதால் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவர். நாள் முழுக்க ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பார். ஏழு மணிக்கு ஒரு சீரியல் பார்ப்பார். அவருக்கென்று இருந்தது அந்த அரைமணி நேரம்தான். என் கார்ட்டூனும் அதே ஏழு மணிக்குத்தான் வந்து தொலைத்தது.

ஒரு நாள் மாலை கார்ட்டூனைப் போட்டுவிட்டு, என் பொட்டு அட்டையிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்றைப் பிய்த்து அந்தக் கண்ணின்மேல் ஒட்டினேன். கறுப்பில் கறுப்பு, யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மா ரிமோட்டை அமுக்கினார், உள்ளங்கையில் தட்டினார், பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டார். சேனல் மாறவே இல்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அப்பா புது பேட்டரி போட்டுப் பார்த்தார். கடைத்தெருவில் ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கி வந்து, அதுவும் வேலை செய்யாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கோபம் தலைக்கேறி, "உங்கக்கா கண்ட பட்டனையும் அமுக்கி பாக்ஸையே காலி பண்ணிட்டாங்க" என்று அம்மாவிடம் கத்தினார். பெரியம்மா அடுப்படியில்தான் இருந்தார். அதன்பின் பொட்டை எடுக்க எனக்குப் பயமாகிவிட்டது. உண்மையைச் சொல்ல அதைவிடப் பயம்.

அடுத்த நாள் பெரியம்மா யாரிடமும் சொல்லாமல் பழைய ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். நான் பள்ளிவிட்டு வந்தபோதுதான் அவரும் ஒரு புது ரிமோட்டோடு வியர்த்து வழிய வந்து சேர்ந்தார்.

"நாலு கட ஏறி எறங்கினேன்டி. இது எல்லா பாக்ஸுக்கும் வேல செய்யுமாம். கடக்காரன் செல்லு கேமராவுல புடிச்சிக் காட்டினான், பட்டன அமுக்கினா ரிமோட்டு முன்னால லைட்டு மின்னுது."

அதோடு எண்கள் அச்சடித்த ஒரு தாளும் இருந்தது. நம் பெட்டிக்குரிய எண்ணைக் கண்டுபிடித்து அமுக்கவேண்டும். எழுத்து பொடியாக இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னார். எந்த எண்ணும் வேலை செய்யாது என்று தெரிந்தே ஒவ்வொன்றாகப் படித்தேன். அவரும் ஒவ்வொன்றாக அமுக்கினார். "இன்னொரு தபா சொல்லு கண்ணு, நான்தான் தப்பா அமுக்கிட்டேன் போலகீது" என்றார். இதை எழுதும்போதும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது பொட்டைப் பிய்த்தெடுத்தேன். திரும்பி வந்தவர் மறுபடி முதலிலிருந்து அமுக்கினார். ஏழாவதோ எட்டாவதோ எண்ணில் சேனல் மாறியது. பெரியம்மா சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அப்பா, "பரவால்லியே அண்ணி, கரெக்டா புடிச்சினு வந்துட்டீங்க!" என்று சிரித்தார். முந்தின நாள் கத்தியது அவருக்கு நினைவே இல்லை. பெரியம்மா ரிமோட்டை என் கையில் வைத்து, "நீயே வச்சிக்க கண்ணு. எனக்கு டீவி பாத்தா கண்ணு எரியுது" என்றார்.

அதன்பிறகு அவர் டீவி முன்னால் உட்காரவே இல்லை. ஏழு மணிக்கு அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். நான் நிம்மதியாகக் கார்ட்டூன் பார்த்தேன். ஆனாலும் பாவமாக இருந்தது. "பெரியம்மாவ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமேம்மா" என்று ஒருநாள் கேட்டேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.