முகப்பில் மாட்ட ஒரு முகம்

படம் வரைய ஒரு கரித்துண்டும் ஒரு தாளும் போதும். படம் வரையப் போகிறேன் என்று ஒரு அறக்கட்டளையை நம்ப வைக்கத்தான் லேப்டாப், இரண்டு பரிந்துரைக் கடிதம், பத்து வரியில் வாழ்க்கைக் குறிப்பு, கொஞ்சம் வெட்கங்கெட்டதனம் எல்லாம் வேண்டும். மனுப் போட்டுவிட்டு மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எங்களை மன்னித்துவிட்டு மேலே படியுங்கள்.

பெங்களூரில் இருபது வருடம் பிஸ்கட் உறைக்கும் சோப்பு உறைக்கும் படம் போட்டுவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். வந்ததும் ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை போட்டோ எடுக்காத ஆள் இல்லை. அவற்றைக் கூட்டித் துடைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இருக்கிறவர்களை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அவர்களை ஆளுயரத்துக்கு வரைந்து, அப்படி ஒரு வீட்டுக்குள்ளேயே ஒரு நாள் மாட்ட வேண்டும்.

முதலில் சம்மதித்தவர் முத்துராக்கு அக்கா. பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு ஒரே நிபந்தனை: படம் முகப்பில் தொங்க வேண்டும். முகப்பு என்றால், வீட்டுக்காரர்களின் முன்னோர் படங்கள் வரிசையாகக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும் முன்கூடம். ஒரு நாள் தொங்கினால் போதும். திருப்பூரிலிருந்து மகள் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

எட்டாவது கேள்வி

முதல் விண்ணப்பத்தில் எட்டாவது கேள்வி இது: 'இத்திட்டத்தால் பயன்பெறும் சமூகம் எது? சான்று இணைக்கவும்.' வீடு பார்த்துக்கொள்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு மொழி படித்த மிதப்பில் நான் போனில், "உங்க கம்யூனிட்டிலருந்து ஒரு சர்டிபிகேட் வாங்கி வைங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போனால் அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஐந்து சாதிச் சான்றிதழ். அவருடையது ஒன்று, பக்கத்து வீடுகளைப் பார்க்கும் நால்வருடையது நான்கு. வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. அக்கா அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன் தம்பி, அஞ்சும் வேற வேறயா இருக்கேன்னு பாக்குறீகளா? இதுல யாரை வரைய வேணாம்பாக?"

தூண்

இரண்டாவது மனுவுக்கு நேர்காணல் வீடியோ அழைப்பில் நடந்தது. அந்தப் பக்கம் மூன்று பேர். அக்கா தூணோரம் நிற்கிற படத்தைக் காட்டினேன். ஒருவர், அது பர்மா தேக்கா என்றார். ஆமாம் என்றேன். ஒற்றை மரமா என்றார் இன்னொருவர். அதற்கும் ஆமாம். பாதி நேரம் தூணிலேயே போய்விட்டது. நான் மெல்ல முகத்துக்கு இழுத்து வந்தேன். அந்தக் கண்ணைப் பிடிக்கப் பதினொரு தாளைக் கிழித்திருக்கிறேன். பார்க்க விருந்தாளிக்கு வழிவிடுகிற கண். அதற்குள்ளேயே, நம்மையும் ஒருநாள் உட்காரச் சொல்வார்களா என்று கேட்கிற கண். இதையெல்லாம் சொன்னேன்.

தலைமை வகித்த அம்மையார் நிஜமாகவே நல்லவர். முழுக்கக் கேட்டுவிட்டு, பரிவோடு சொன்னார்: "ரொம்ப அருமையா இருக்கு சார். அந்த அம்மா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னாங்கன்னா, தூண் முழுசாத் தெரியும்."

மழைக்குக் காத்திருக்கும் ராஜா

அந்த மனு தள்ளுபடியான வாரம், காரைக்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சண்முகத்தைப் பார்த்தேன். பகலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மற்ற நேரமெல்லாம் நாடகக்காரன். ஐந்து வருடமாக ஒரே நாடகத்துக்கு மனுப் போடுகிறான். ஒரு ராஜா காத்துக்கொண்டே இருப்பார், அதுதான் கதை. நீருக்கு உதவித்தொகை என்று அறிவித்த வருடம் ராஜா மழைக்குக் காத்திருந்தார். பெண்களுக்கு என்ற வருடம் ராஜா ராணியானார். முதியோர் நலம் வந்தபோது ராணிக்கு நரைத்துவிட்டது.

"கிராண்டு வராட்டி நீ வரைய மாட்டியா மாப்ள?" என்றான். வரைந்து முடித்தாயிற்று, சுருட்டிப் பரணில் கிடக்கிறது என்றேன். எனக்கு வேண்டியது அறக்கட்டளையின் பெயர் அச்சடித்த ஒரு கடிதம். பூட்டின வீட்டுக் கதவை வெறுங்கையோடு போய்த் தட்ட முடியாது. படத்தைப் பரணில் ஏற்றிய நாளிலிருந்து, எந்தக் காலிச் சுவரைப் பார்த்தாலும் மனசு ஆணி தேடுகிறது. சண்முகம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "எனக்கும் அப்படித்தான்டா. எங்கனயாச்சும் நாலு பேரு சும்மா உக்காந்திருந்தாக்கூட, திரையைத் தூக்கிரலாமான்னு கை பரபரங்குது."

பங்காளிகள்

மூன்றாவது மனு தேறியது. ஒரே நிபந்தனை, வீட்டுக்காரரின் அனுமதிக் கடிதம். இங்கே வீட்டுக்காரர் என்று ஒருவர் கிடையாது, பங்காளிகள்தான். முத்துராக்கு அக்கா பார்க்கிற வீட்டுக்குப் பதினொரு பங்கு. சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று பத்துப் பேரிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். கடைசியாக மூத்தவர், சென்னையில் இருப்பவர். மரியாதையாகப் பேசினார், சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். யார் படம் என்று கேட்டார். சொன்னேன்.

"முத்துராக்குவா! நல்ல மனுஷியாச்சே, எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார். அப்புறம், அதே இதமான குரலில்: "முகப்புல எங்க அப்பச்சி படமெல்லாம் இருக்குல்ல தம்பி, அங்க வேணாம். பின்கட்டுச் சுவர் சும்மாதான கெடக்கு, தாராளமா மாட்டிக்கங்க."

மாட்டக் கூடாது

அக்காவிடம் போய்ச் சொல்ல மூன்று நாள் ஆனது. படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுவிட்டு, "பின்கட்டு நான் பாக்காததா" என்றார். அத்தோடு கிராண்டும் போயிற்று. இடம் கிடைக்கவில்லை என்று அறக்கட்டளைக்கு எழுதிவிட்டேன். ஆற்றாமையில் ஒரு தப்பான பேச்சும் பேசினேன். சாவிதான் உங்களிடம் இருக்கிறதே, மகள் வருகிற அன்றைக்கு மட்டும் மாட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? அக்கா முகம் மாறிவிட்டது. "நான் அப்படிச் செய்யமாட்டேன்னுதான் தம்பி சாவியை எங்கிட்டக் குடுத்திருக்காக" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு படத்தைச் சுருட்டப் போனேன். அக்கா போய் முகப்புக் கதவைத் திறந்தார். எந்த வீட்டிலோ பாத்திரம் உருளும் சத்தம். "மாட்டக் கூடாதுன்னுதான சொன்னாக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னை உள்ளே போகச் சொன்னார். முன்னோர் வரிசையில் அப்பச்சி படத்துக்குக் கீழே, சுவரில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளே வரவில்லை. படி இறங்கித் தெருவாசலுக்குப் போய், விருந்தாளி நிற்கிற இடத்தில் நின்று, போனில் மகளைக் கூப்பிட்டு, வீடியோவை என் பக்கம் திருப்பினார். தாளுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கை கடுத்தது. வெகுநேரம் கழித்து அக்கா குரல் மட்டும் வந்தது, எங்கோ பந்திக்கு முந்தி வந்துவிட்டவர் மாதிரி, தயங்கித் தயங்கி: "இன்னுங் கொஞ்சம் மேல தூக்குங்க தம்பி. அவுக வரிசைக்கு வரட்டும்."

இந்த வருட விண்ணப்பமும் வந்துவிட்டது. கண்காட்சி நடத்திய முன் அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கும் இடத்தில், சுவரில் படாமல் ஒரு முறை என்று எழுதலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.