பதிவேட்டம்மாவின் முதல் வரிசை

“யாரும் எங்கயும் போயிடல, மெதுவா வாங்க” என்று சொல்லித்தான் பதிவேட்டம்மா தொலைபேசியை வைப்பார். கல்லறைத் தோட்டத்தை எத்தனை மணிக்கு மூடுவீர்கள், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று யார் கேட்டாலும் இதுதான் பதில். வைத்த கையோடு மேசை இழுப்பறையிலிருந்து ஈரத் துணியை எடுத்துத் தொலைபேசியைத் துடைப்பார். பிறகு கையைத் துடைப்பார். பிறகு துணியை உதறி நாற்காலியின் முதுகில் காயப் போடுவார். ஒரு நாளைக்கு இருபது அழைப்பு வந்தால் இருபது தடவையும் இது நடக்கும்.

வயது ஐம்பத்தேழு. ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கிறது. ஆள் குள்ளம், பதிவேடு பெரியது. அதை விரிக்க வேண்டுமென்றால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் அணைத்துத்தான் திருப்ப வேண்டும். யார், என்ன வயது, எந்த வரிசை, எந்தக் குழி, சாவுக்குக் காரணம் என்று ஐந்து கட்டங்கள். முப்பத்தோரு வருடமாக அந்தக் கட்டங்களை நிரப்புவதுதான் அவர் வேலை. ஒரு காகிதம் மேசைக்கு வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். நாளைக்கு வாருங்கள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று வாசல் காவலாளி என்னிடம் பெருமையடித்துக் கொண்டார், என்னவோ தான்தான் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

நான் போனது பதிவேட்டம்மாவைப் பற்றி எழுத அல்ல. இந்தத் தோட்டத்தின் முதல் வரிசையில் பதினோரு கற்கள் இருக்கின்றன. பதினொன்றும் வெறுங்கையோடு வந்து கம்பெனி தொடங்கிப் பெரிய ஆளானவர்களுடையவை. அவர்கள் வாழ்ந்த கதை, படுத்திருக்கும் இடம் என்று ஒரு தொடர் எழுதுவதாகப் பத்திரிகைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பதிவேட்டம்மா அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை. அவரவர் விற்ற சரக்கைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்.

“இவரு பிஸ்கட்டு. நாப்பது வயசுல சர்க்கரை வியாதி வந்துடுச்சு. அப்புறம் முப்பது வருஷம் மத்தவங்க தின்னு பாத்து சொன்ன ருசிய வெச்சே வியாபாரம் பண்ணாரு. பக்கத்துல குடை. மழைல நனைஞ்சு ஜுரம் வந்து போனாரு. அதெல்லாம் கல்லுல எழுத மாட்டாங்க எழுத்தாளரே, என் புத்தகத்துல மட்டும்தான் இருக்கும்.”

மூன்றாவது பூட்டுக்காரர். தெருவோரத்தில் உட்கார்ந்து சாவி செய்து கொடுத்து ஆரம்பித்தவர். பூட்டு விற்ற வீடுகளுக்குப் பொழுது சாயும் நேரத்தில் போய், வாசல் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாராம், தாங்குகிறதா என்று. திருடன் என்று இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். “ரெண்டாவது தடவ அந்த போலீஸ் ஸ்டேஷனுக்கே பூட்டு வித்துட்டுத்தான் வெளிய வந்தாராம்” என்று பதிவேட்டம்மா சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைத்தான் அடுத்த வாரம் காணோம்.

பூட்டுக் கம்பெனிக்கு நூறு வயது ஆகிறது. நிறுவனரைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோய்த் தொழிற்சாலையின் நடு முற்றத்தில் வைப்பது என்று முடிவாகி, பளிங்கு மேடையும் கட்டியாகிவிட்டது. எல்லா அனுமதியும் வந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இந்தக் கல்லுக்கு அடியில் இருப்பவர் இன்னார்தான் என்று பதிவேட்டைப் பார்த்து உறுதி சொல்லும் கையெழுத்து. அந்தக் காகிதம் மூன்று வாரமாகப் பதிவேட்டம்மாவின் மேசையில் கிடந்தது. பதிவேட்டின் பைண்டிங் பிரிந்துவிட்டது என்றார். தலைவலி என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். கம்பெனியின் நிர்வாக அதிகாரி மேலிடத்தில் சொல்ல, மேலிடம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டது. “கையெழுத்த போட்டுட்டு நிம்மதியா ரிட்டயர் ஆகுங்கம்மா. எதுக்கு வம்பு?” என்ற குரல் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது.

கையெழுத்தைக் குழியருகிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நாள் குறித்துவிட்டார்கள். தோண்டும் நாளுக்கு முந்தின சாயங்காலம் நான் போனபோது, மணியே அடிக்காத தொலைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எழுத்தாளரே, கதவ சாத்திட்டு வாங்க” என்றார். இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். சுருண்டு கொள்ளாமல் ஒரு முனையில் சாப்பாட்டு டப்பாவையும் மறு முனையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் வைத்தார். வரைபடத்தில் சாலையோரத்து மதில் இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. எட்டடி வெளியே இருந்தது.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்பு சாலையை அகலப்படுத்தியபோது மதிலை எட்டடி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். முதல் வரிசைப் பதினோரு பேரையும் எடுத்து உள்ளே புதைத்து, மேலே அவரவர் கல்லை வைக்க வேண்டும் என்று உத்தரவு. ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது இரண்டே நாள். இரண்டு நாளும் விடாமல் மழை. திறந்த முதல் குழி கண் முன்னால் கிணறு போல நிரம்பியதும் அந்த ஆள் யோசித்தார். குழிகளைத் தொடவில்லை. கற்களை மட்டும் பெயர்த்து எட்டடி பின்னால் நட்டு, மதிலைக் கட்டிவிட்டார்.

“எல்லாரையும் மாத்தியாச்சுன்னு எழுதி சாட்சி கையெழுத்து கேட்டாரு. நான் சேந்து எட்டு மாசம், தற்காலிகம். போட்டேன். அடுத்த மாசமே வேலை நிரந்தரம் ஆச்சு.” ஈரத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கப்புறம் போட்ட கையெழுத்தெல்லாம் சுத்தம். அது ஒண்ணுதான்.”

“அப்படின்னா அந்தப் பதினோரு பேரும்?”

“வெளிய. நடைபாதைக்கு அடியில. பஸ் ஸ்டாப்பெல்லாம் சேத்து.”

அவருடைய ஒரு பழக்கம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாசலை விட்டு இறங்கினால் பதிவேட்டம்மா நடைபாதையில் நடப்பதில்லை. சாலையில் இறங்கி, பேருந்துகள் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட, ஓரமாக நடந்து அடுத்த நிறுத்தத்தில் போய்த்தான் பேருந்து ஏறுவார். நான் அதை உடற்பயிற்சி என்று நினைத்து என் குறிப்பேட்டில் வேறு எழுதி வைத்திருந்தேன்.

“இதோட போனா கூட பரவால்லங்க” என்று அவரே தொடர்ந்தார். கல்லை நட்ட இடம் காலி இடம் இல்லை. இரண்டாவது வரிசை, கல் போட வசதியில்லாதவர்களுக்கான இலவச வரிசை. ஓர் இரும்பு முளையும் எண்ணும்தான் அவர்களுக்கு அடையாளம். முளைகளைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டுவிட்டு, அவர்கள் தலைமேல் முதலாளிகளின் கற்களை நட்டிருக்கிறார்கள். பூட்டுக்காரரின் கல்லுக்கு அடியில் இருப்பது நாற்பத்தேழாம் எண். ஆஸ்பத்திரியில் துணி துவைத்த ஒரு பெண், வயது முப்பத்திரண்டு, சாவுக்குக் காரணம் காமாலை. அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான்.

மகனை எனக்கும் தெரியும். ரேடியேட்டர் மெக்கானிக். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பூட்டுக்காரரின் கல்லுக்கு முன்னால் வந்து அரை மணி நேரம் நிற்பார். பதினைந்து வருடத்துக்கு முன்பு நாற்பத்தேழாம் எண் எங்கே என்று தேடிக்கொண்டு வந்தவரிடம் பதிவேட்டம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. “கல்லு வேற ஆளோடது, உள்ள இருக்கிறது உங்க அம்மா. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க தம்பி” என்றிருக்கிறார். அவர் இதுவரை மூச்சு விடவில்லை. பூட்டுக் கம்பெனிக்காரர்கள் அவர் நிற்பதைப் படம் பிடித்து, நிறுவனரை மறவாத வாடிக்கையாளர் என்று தங்கள் இதழில் போட்டார்கள். அப்போதும் வாய் திறக்கவில்லை. “எங்க வீட்டுல இருக்கிறது வேற கம்பெனி பூட்டுக்கா” என்று பதிவேட்டம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

“நாளைக்கு சொல்லிடுவீங்களா?” என்று கேட்டேன்.

“தெரியல.” வரைபடத்தைச் சுருட்டினார். “பென்ஷன்லதான் என் தங்கச்சி மருந்து ஓடணும். வாய் வராம போயிட்டாலும் போயிடும். அதான் உங்ககிட்ட சொன்னேன். வெவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது அங்க நிக்கணும்ல.”

அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேனா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

காலை ஒன்பது மணிக்குத் துணித் திரை கட்டியிருந்தார்கள். தோண்டுகிறவர்கள் இரண்டு பேர், நிர்வாக அதிகாரி, ஒரு புகைப்படக்காரர். நிறுவனரின் பேத்தி வந்திருந்தார். இப்போது கம்பெனியை நடத்துவது அவர்தான், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பகட்டான ஆள் இல்லை. தாத்தா உபயோகித்த அரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், பெட்டிக்குள் கூட வைப்பதற்கு. அவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை, பாவமாக இருந்தது.

மெக்கானிக்கும் வந்திருந்தார். பதிவேட்டம்மாதான் தகவல் சொல்லியிருக்க வேண்டும். வேலைச் சட்டையோடு ஓரமாக நின்றவரை நிர்வாக அதிகாரி அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்து இழுத்து வந்தார். “மேடம், சொல்லியிருக்கேனே, மாசா மாசம் வர்றவர், இவர்தான்.”

பேத்தி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “எங்க வீட்டுல கூட யாரும் இப்படி வந்து நின்னதில்லைங்க. எங்க தாத்தாவ நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“அப்புறம் எதுக்குங்க இவ்வளவு பாசம்?”

மெக்கானிக் பதிவேட்டம்மாவைப் பார்த்தார். பதிவேட்டம்மா தரையைப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் எதையோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நேற்று வழியெல்லாம் சேர்த்து வைத்த தைரியம் போன இடம் தெரியவில்லை.

சங்கிலி போட்டுக் கல்லைத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்தார்கள். அடியில் புல் இல்லாத மண் ஈரமாக, நீளச் சதுரமாக இருந்தது. நிர்வாக அதிகாரி காகிதத்தை அட்டையில் வைத்து நீட்டினார். பதிவேட்டம்மா பேனாவைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். “கண்ணாடி ரூம்ல இருக்கு” என்றார். கண்ணாடி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“அவங்க கையெழுத்துப் போடட்டும், நீங்க ஆரம்பிங்க” என்று நிர்வாக அதிகாரி தோண்டுகிறவர்களிடம் சொன்னார். முதல் வெட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மெக்கானிக் கால்சட்டைப் பையிலிருந்து கைகளை எடுத்துவிட்டார். மண்வெட்டி வைத்திருந்தவரிடம் சாதாரணக் குரலில், வண்டி வேலை எப்போது முடியும் என்று விசாரிப்பது போலக் கேட்டார்.

“எவ்வளவு ஆழம் தோண்டுவீங்க?”

“அஞ்சடி வரும் சார்.”

“மெதுவா வெட்டுங்க. கொஞ்சம் மெதுவா.”

பதிவேட்டம்மா அட்டையைக் கீழே போட்டார். “நிறுத்துங்க” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மண்வெட்டி பாதியில் நின்றது.

“இங்க இருக்கிறது உங்க தாத்தா இல்லம்மா. இவரோட அம்மா.”

நிர்வாக அதிகாரி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “என்ன பேசறீங்க நீங்க? உங்க ரெக்கார்டுதானே சொல்லுது?”

“ரெக்கார்டு பொய். எழுதிக் குடுத்தது ஒப்பந்தக்காரர், சாட்சிக் கையெழுத்து என்னோடது. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. கல்லுங்களத்தான் மாத்தினாங்க. ஆளுங்கள மாத்தல.” ஒவ்வொரு வாக்கியமாக, படிவத்தை நிரப்புகிறவர் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“இது எங்க போய் முடியும்னு தெரியுமா உங்களுக்கு? வேலை, பென்ஷன், கேஸு...”

“தெரியும் சார்.”

மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, வெட்டிப் போட்டிருந்த மண்ணை இரண்டு கையாலும் குழிக்குள் தள்ள ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. பேத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அரத்தைச் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது.

“அப்ப எங்க தாத்தா எங்க?” என்றார்.

பதிவேட்டம்மா பேனாவை மூடினார். வாசலை நோக்கி நடந்தார். பேத்தி பின்னால் போனார், நிர்வாக அதிகாரி அவருக்கு வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓடினார், நானும் போனேன். வாசலைத் தாண்டியதும் பதிவேட்டம்மா வழக்கம் போலச் சாலையில் இறங்கி நடைபாதையின் ஓரமாகவே போனார். அவசரத்தில் பேத்தி நடைபாதை மேலேயே அவரை முந்திக்கொண்டு போய்ப் பேருந்து நிறுத்தத்தின் கூரைக்கு அடியில் நின்றார். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பேத்தி சாலையின் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கடைகளும் வண்டிகளும்தான்.

“எங்கம்மா? எங்க இருக்காரு? சொல்லுங்க.”

பதிவேட்டம்மா சாலையிலிருந்து நடைபாதையின் விளிம்பு வரை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். பேத்தியின் முழங்கையை மெல்லப் பிடித்து, இரண்டடி தள்ளி நிற்க வைத்தார்.