பெரட்டுக்கு வந்தவளுக்கு அரைப் பேர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த நாட்களில், மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது.

நான் கொழுந்து பறிக்கிறவள். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். மூத்த மகள் அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வகுப்பு. வாய் கொஞ்சம் நீளம். யாரைக் கொண்டு பிறந்தாள் என்று கேட்காதீர்கள். குழாய் உடைந்துபோய், பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தைப் பூட்டி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. பாவம், பிள்ளைகள் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார்கள். ஆசிரியர்களுடையது மட்டும் திறந்தே இருந்தது. என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் அதையும் பூட்டிவிட்டாள்! பாடசாலை அதிபர் கேட்டதற்கு, "எங்களுக்குத் தொறந்தா இதையும் தொறக்குறேன் சேர்" என்றாளாம்.

பூட்டையும் சாவியையும் பிடுங்கிக்கொண்டு, ரெண்டு வாரம் பாடசாலைப் பக்கமே வரக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

வேலை முடிந்து வந்த நான் முதலில் பார்த்தது பூட்டில்லாத கதவைத்தான். விஷயம் தெரிந்ததும் வாய் ஓயத் திட்டினேன். அழுவாள் என்று பார்த்தால், "பரவாயில்லம்மா, அடுத்த லயத்து அக்கா கொழும்புல கார்மென்ட்ஸுக்குக் கூப்புட்டாங்க. நான் போறேன்" என்கிறாள். எங்கள் லயத்தில் ரெண்டு வாரம் வீட்டில் நின்ற பெண் பிள்ளை மறுபடி பாடசாலை வெள்ளைச் சட்டை போட்டதை நான் பார்த்ததில்லை. சும்மா இருக்கிறாளே என்று சமைக்கச் சொல்வோம், தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வோம், கடைசியில் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். நானும் அப்படி வீட்டில் நின்றவள்தான்.

மறுநாள் விடிந்ததும், "யூனிஃபோர்ம போடுடி" என்றேன்.

"வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"உள்ள போகத்தானே கூடாது? கேட்டுல நிப்போம், வா."

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை ரெண்டு பேரும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் போய் நின்றோம். மகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடப் பார்த்தாள், கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காவல்காரர் வந்து போகச் சொன்னார். நான் அசையவில்லை. அதற்குள் அவள் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஜன்னல் முழுக்கத் தலைகள்! ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட, மற்றவர்களும் சேர்ந்து கத்த, திருவிழா மாதிரி ஒரே ஆரவாரம். அதிபர் குடையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தார்.

"என்னம்மா இது? புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க. ரெண்டு வாரம் கழிச்சி வாங்க."

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்ததெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. வாயில் வந்தது வேலைக்காட்டுப் பேச்சுத்தான்.

"சேர், எங்க தோட்டத்துல மழையால வேலை நின்னாலும், காலையில பெரட்டுக்கு வந்து வரிசையில நின்ன ஆளுக்கு அரைப் பேராவது போடுவாங்க. அரை நாள் வேலை செஞ்ச கணக்கு. எம் மகளும் நேரத்துக்கு வந்து நிக்கிறா. அவளுக்கும் அரைப் பேர் போடுங்க சேர்."

அதிபர் என்னையே பார்த்தார். போச்சு, ரெண்டு வாரம் நாலு வாரமாகப் போகிறது என்று நினைத்தேன்.

"அரைப் பேர் வேணும்னா அரை நாள் வேலை செய்யணுமேம்மா?" என்றார்.

"செய்வா சேர்! என்ன வேலைன்னு மட்டும் சொல்லுங்க."

"மொதல்ல டீச்சர்மார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். ரெண்டு வாரமும் என் ரூம் வாசல்ல உக்காந்து படிக்கணும். இன்டர்வலோட வீட்டுக்குப் போயிடணும். தண்டனை தண்டனைதான்."

எனக்கு அந்த மழையிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என் மகள் சும்மா இருந்தாளா? "அப்ப எங்க மலசலகூடம் சேர்?" என்றாள். நறுக்கென்று கிள்ளினேன். அவர் சிரித்துவிட்டார். "கொழாய் போட ஆளைக் கூப்புட்டுக் கூப்புட்டு அலுத்துட்டேம்மா" என்றார்.

"ஏன் சேர், எங்க லயத்துக் கொழாயெல்லாம் யாரு போட்டது? எங்க ஆம்பளைங்கதான். சொல்லியிருந்தா வந்திருப்பாங்களே!" என்றேன் நான்.

அந்தச் சனிக்கிழமையே நாலைந்து பேர் குழாய்த் துண்டுகளோடு வந்து இறங்கினார்கள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் லயம் வரைக்கும் கேட்டது. அதிபர் எங்கள் பூட்டை என் கையில் கொடுத்து, "இனிமே இது வீட்டுக் கதவுலயே இருக்கட்டும்மா" என்றார்.

மகள் அந்தப் பரீட்சையில் தேறி, இப்போது பண்டாரவளையில் உயர்தரம் படிக்கிறாள். வாய் குறையவே இல்லை. காலையில் அந்தப் பூட்டைப் பூட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: போ என்று சொன்னால் பாடசாலை கேட் வரைக்கும் போனால் போதும், அதைத் தாண்டி நாமாகவே கொழும்பு பஸ் வரைக்கும் நடந்துவிடக் கூடாது.