உச்சிக் காற்று இறங்கிய இடம்

கணினியில் மழைக் கணிப்பு ஓடி முடியும்வரை வர்தியாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. கையில் ஓர் ஆரஞ்சுடன் கணினி அறைக்கு வெளியே உலாத்திக்கொண்டிருப்பார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரிந்து வந்தால் கணிப்பு பலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. "நகரேன், என் கழுதை!" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எந்திரத்தை அதட்டுவதும் உண்டு.

அல்ஜியர்ஸ் வானிலை அலுவலகத்தில் அவருக்குக் குடைக்காரம்மா என்று பெயர். செயற்கைக்கோள் அளந்து அனுப்பும் ஓசோனை மழைக் கணிப்புக்குள் புகுத்துவது அவர் வேலை. "ஓசோன் வெயிலுக்குக் குடை. அதுக்கும் மழைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று தலைமைக் கணிப்பாளர் பூஜெமா சீண்டுவார்.

"குடை இல்லண்ணே, காத்து எங்க போகுதுன்னு காட்டற சாயம். உச்சியில இருக்கற காத்துலதான் ஓசோன் நிறைய. அந்தக் காத்து எங்கயாவது பள்ளமா இறங்குச்சுன்னா அங்க ஓசோன் கூடிப்போகும். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துலதான் புயல் கருக்கட்டும். கடல் மேல, பாலைவனத்து மேல காத்தை அளக்கப் பலூன் விட யார் இருக்கா? செயற்கைக்கோள்தான் பார்த்துச் சொல்லணும்."

அக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை காலை. திரையில் இரண்டு வரைபடங்கள் வந்து நின்றன. ஓசோன் சேர்க்காததில், தெற்கே ஐன் தெமாம் பக்கம் நாளைக்குச் சிறு தூறல். சேர்த்ததில் அதே ஊரின் தலைக்குமேல் கருநீலத் திட்டு. ஓராண்டு மழை ஒரே பிற்பகலில் கொட்டும் என்று அதற்குப் பொருள்.

நாளை வியாழக்கிழமை. வியாழன்தோறும் ஐன் தெமாமின் ஆட்டுச் சந்தை கூடுவது வறண்ட ஆற்றுப் படுகையில். "இருக்காது" என்று வர்தியா வாய்விட்டுச் சொன்னார். எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று முழுவதையும் அழித்து மறுபடி ஓட்டினார். அதே திட்டு. இன்னொரு செயற்கைக்கோளின் அளவைத் தேடி எடுத்தார். அதிலும் அதே இடத்தில் பள்ளம்.

பூஜெமா இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "போன மாசம் உன் பேச்சைக் கேட்டு எச்சரிக்கை விட்டேன். ஒரு சொட்டு விழல. மந்திரி ஆபீஸ்ல என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க. இதுவும் பொய்யாப் போனா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல."

"நிஜமாப் போனா, அண்ணே?"

பூஜெமா தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். மறுமுனையில் ஐன் தெமாம் மேயர் பொரிந்து தள்ளினார்: "சந்தையை மாத்தணுமா? இங்க வந்து பாருங்கய்யா, வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது! ஆட்டையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கட்டச் சொல்றீங்க, என் வீட்டு வரவேற்பறையிலயா?"

"கட்டுங்க. கம்பளத்தைச் சுருட்டி வெச்சுட்டுக் கட்டுங்க" என்றார் பூஜெமா. "எழுத்துல சிவப்பு எச்சரிக்கை வருது. என் கையெழுத்து."

வியாழன் மதியத்துக்குப் பிறகு ஐன் தெமாமிலிருந்து ஒரு காணொளி வந்தது. மேட்டிலிருந்து யாரோ எடுத்தது. ஆற்றின் வளைவில் செம்மண் நிறத்தில் ஒரு தண்ணீர்ச் சுவர் திரும்பியது. அதன் முகப்பில் மரங்கள் வேரோடு உருண்டன. பட்டி அடிக்கும் இடம், தேநீர்க் கொட்டகை, லாரிகள் நிற்கும் இடம், எல்லாம் ஒரு மூச்சில் காணாமல் போயின. படுகையில் ஆள் இல்லை.

அலுவலகம் ஆர்ப்பரித்தது. யாரோ குலவையிட்டார்கள். வர்தியா மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இத்தனை வருடமும் அவர் பார்த்தது நிறங்களை. நீலத்துக்கு இப்படி ஒரு இரைச்சல் உண்டென்று இன்றுதான் தெரிந்தது. "இதுவா? நான் போட்ட திட்டு இதுவா?" என்று கேட்டார்.

அப்போது மேயர் அழைத்தார்; வர்தியா எடுத்தார். "கேளுங்கம்மா" என்று மட்டும் சொன்னார் மேயர். அவருக்குப் பின்னால், சந்தையை மாற்றியிருந்த பள்ளிக்கூட மைதானம் முழுக்க ஆடுகள் கத்தின. ஒருவன் விலை பேசினான். ஒருத்தி பிள்ளையை அதட்டினாள். வர்தியா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி அறையின் நடுவே உயர்த்திப் பிடித்தார்.