நாசரின் வில்லையும் நல்லி எலும்பும்

போன வெள்ளிக்கிழமையும் எனக்கு நல்லி எலும்பு வரவில்லை.

சிரிக்காதீர்கள். விருதுநகரில் என் மாமனார் வீட்டில் ஜும்ஆ முடிந்து நெய்ச்சோற்றுக்கு உட்கார்ந்தால், சட்டியில் கிடக்கும் பெரிய நல்லியை அவர் தன் கையால் எடுத்து ஒருவர் தட்டில் வைப்பார். யார் தட்டில் விழுகிறதோ, அவர்தான் அந்த வாரத்து மாப்பிள்ளை. மூத்த மருமகன் நான். வருடக்கணக்காக அது என் தட்டுக்குத்தான் வந்தது... சகலை நாசர் ஒரு உலோக வில்லையைக் கொண்டுவரும் வரை.

நாசர் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். என்ஜினீயரிங் காலேஜில் வாத்தியார். அலுமினியப் பவுடரோடு கொஞ்சம் சிலிக்கன் கார்பைடு - சாணைக்கல்லில் இருக்குமே, அந்தப் பீங்கான் ஜாதித் தூள் - சேர்த்து, எஃகுக் குண்டுகளோடு ஜாடியில் போட்டு, மெஷினில் மாட்டிப் பேய்ச் சுற்று சுற்ற விடுவார். குண்டுகள் அடிக்கிற அடியில் பீங்கான் துகள் அலுமினியத்துக்குள்ளேயே புதைந்துவிடுமாம். பிறகு அச்சில் அழுத்தி, உலையில் சுட்டால் வில்லை. எடை அலுமினியம், உறுதி பீங்கான்.

மாமனார் அதை பீரோ சாவியால் கீறிப் பார்த்தார். தேய்ந்தது சாவி. அன்றைக்கே நல்லி இடம் மாறியது.

எனக்கு எப்படி இருக்கும்? சிவகாசியில் அலுமினியப் பவுடர் வியாபாரம் பார்க்கிறவன் நான். விஸ்வநத்தம், தாயில்பட்டி என்று பட்டாசுக் கம்பெனிகளுக்கு சீசன் முழுக்க லோடு லோடாக அனுப்புகிறேன். ஒரு நாளாவது யாராவது அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்ததுண்டா? இவர் ஒரு கரண்டிப் பவுடரைச் சுட்டுக் கொண்டுவந்ததும் வீடே வாயைப் பிளக்கிறது. வயிறு எரிந்தது. வேறு வார்த்தை இல்லை.

பவுடர் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். கோயம்புத்தூர் என்றார். விடுவேனா? மறுவாரமே என் கடையின் ஆக உசத்தியான பவுடரில் ஒரு டப்பா கொண்டுபோய், மாமனார் முன்னாலேயே நீட்டினேன். விரலில் தேய்த்தால் ரேகையெல்லாம் வெள்ளியாக மின்னும் சரக்கு. அடுத்த வில்லையில் என் பெயரும் சேரட்டுமே என்றுதான்.

நாசர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். மினுமினுப்புக்காக மெழுகு மாதிரி ஒரு பூச்சு இதில் இருக்குமே என்றார். மாமனார் விடவில்லை.

"வீட்டுச் சரக்கு இருக்கையில வெளிய எதுக்கு மாப்ள வாங்குறீக?"

சூடேற்றிப் பூச்சைப் போக்கிக்கொள்கிறேன் என்று நாசர் வாங்கிக்கொண்டார்.

இங்கேதான் என் கோளாறு. எங்கள் ஊரில் பவுடர் உசத்தி என்றால், உடனே பற்ற வேண்டும், பளீரென்று எரிய வேண்டும். நாசருக்கு வேண்டியதோ பூச்சே இல்லாத, எரியவே கூடாத பவுடர். ஜாடிக்குள் காற்றை வெளியேற்றி தீப்பற்ற விடாத ஆர்கான் வாயுவை நிரப்பித்தான் சுற்றவே விடுவார். இது எனக்குத் தோன்றவில்லை. பொறாமையில் இருக்கிறவனுக்கு எது தோன்றும்?

போன வெள்ளிக்கிழமை புது வில்லை வந்தது. அதைப் பார்க்க, மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருக்கும் மாமனாரின் நண்பரும் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் நாசரின் வில்லை பம்புக்குள் ஏறும். நாசர் தாளைப் பிரித்தார். வில்லை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. மிச்சமிருந்த மெழுகுப் பூச்சு உலையில் வாயுவாகிக் கிளம்பியிருக்கிறது. மாமனார் பழக்க தோஷத்தில் சாவியை எடுத்து அழுத்தினார். ஒரு கொப்புளம் உடைந்து சாவி உள்ளே இறங்கியது.

பம்ப்காரர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுச் சோற்றுப் பக்கம் திரும்பினார். மாமனார் நாசரிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்ன மாப்ள, பவுடர் சரியில்லையோ?"

நாசர் என்னைப் பார்க்கவே இல்லை.

"பவுடர் நல்ல பவுடர்தான் மாமா. நாந்தான் சூடு பத்தாம வச்சிட்டேன்."

அம்புட்டுத்தான். மாமனார் சட்டியில் கைவிட்டு நல்லியை எடுத்து, தன் தவறைத் தானே ஒத்துக்கொள்கிற மனுசன் என்று பம்ப்காரரிடம் சொல்லிக்கொண்டே நாசர் தட்டில் வைத்தார்.

ஜெயித்தாலும் அவருக்கு, தோற்றாலும் அவருக்கா? அந்த மனுசன் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அதனால்தான் இங்கே எழுதிவிடுகிறேன். தப்பு என் டப்பாவில் இருந்தது. நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை மாமனார் ஒரு வாரம்கூடத் தவறாமல் படிக்கிறவர். படித்ததும் என்ன நினைப்பார் என்றும் எனக்குத் தெரியும் - சகலையை விட்டுக்கொடுக்காத நாசருக்கு எம்புட்டு நல்ல மனசு!

வருகிற வெள்ளிக்கிழமை அவர் தட்டில் இரண்டு நல்லி.