வலப்பக்கம் நின்ற கணக்கு

"மருத்துவர் ந. தாமரைச்செல்வி, இதயம் மற்றும் மார்பறை அறுவைப் பயிற்சி மாணவர், மூன்றாண்டுகளில் நாற்பத்தொரு அறுவை சிகிச்சைகளை முதன்மை அறுவையாளராக நின்று தாமே செய்து முடித்துள்ளார்" என்று தாளில் அச்சாகியிருந்தது. அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

பெயர் சரி. மூன்றாண்டும் சரி.

நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். பரீட்சை எழுத விதி கேட்பது நாற்பது. மொய்யில் ஒரு ரூபாய் சேர்ப்பதுபோல் முன்னொரு காலத்துப் புண்ணியவான் ஒன்று கூட்டியிருக்கிறார். போன வருடம் பயிற்சி முடித்துப் போன ஸ்ரீகுமாருக்கும் அதே எண்தான். மதுரையில் அவர் பயிலும் மருத்துவமனையில் மூன்றாண்டு இருந்தால், தலையில் நரை விழுவதுபோல் கணக்கில் நாற்பத்தொன்று விழும்.

நடந்தது வேறு. காலிலிருந்து ரத்தக்குழாய் எடுக்கவும், நெஞ்செலும்பைப் பிளக்கவும், கடைசியில் கம்பி போட்டு மூடவும் தாமரைச்செல்வியை விடுவார்கள். நடுவில் உள்ள இதயத்தைத் துறைத் தலைவர் சுப்பராமன் பார்த்துக்கொள்வார். நோயாளிக்கு வலப்பக்கம் நிற்பவர் அறுவையாளர். இடப்பக்கம் நிற்பவர் பிடித்துக்கொடுப்பவர். தாமரைச்செல்வி வலப்பக்கம் நின்றது ஆறே முறை. அதிலும் ஒரு முறை சுப்பராமனுக்கு முதுகுவலி.

"போட்டுட்டுப் போம்மா," என்றார் சுப்பராமன். "நானும் இப்படித்தான் போட்டேன். கெட்டா போயிட்டேன்?"

"அதை உங்ககிட்ட முதல்ல வந்த முப்பத்தஞ்சு நோயாளிங்களைத்தான் சார் கேக்கணும்."

சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறுன்னு எழுதினா பரீட்சைக்கு விடமாட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் இங்கதான் கெடக்கணும்."

அன்று மாலை அலங்காநல்லூரிலிருந்து அப்பா நல்லகாமன் போன் செய்தார். ஜல்லிக்கட்டில் மைக் பிடிப்பவர். சொந்தப் பங்காளிக்கே பரிசு இல்லையென்று அறிவித்து, மூன்று பொங்கலாக அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். தாமரைச்செல்வி தாள் விஷயத்தைச் சொன்னார்.

"போட்டுட்டு வா தாயி. பெரிய டாக்டருன்னு ஊரு பூராம் சொல்லிப்புட்டேன்."

"ரெண்டு பேரு ஒரே மாட்டப் பிடிச்சா மைக்குல என்னப்பா சொல்லுவீங்க?"

"ரெண்டு பேருக்கும் பரிசு கெடையாதும்பேன்." பேச்சு போகும் திசை அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அது மாடு தாயி."

"இது மனுசன்ப்பா."

"எம்புட்டுப் படிச்சு என்ன, வாய் குறையலயே," என்று போனை வைத்தார்.

தாமரைச்செல்வி நாற்பத்தொன்றை அடித்துவிட்டுப் பேனாவால் ஆறு என்று எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார்.

வியாழக்கிழமை பயிற்சித் தரத்தைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஆய்வாளர் வந்தார். பழைய தாள்களையெல்லாம் புரட்டினார். "எல்லாரும் நாப்பத்தொண்ணு. நீங்க மட்டும் ஏன் ஆறு?"

"அவங்க கையை நான் பாக்கல சார். என் கையைப் பாத்தேன்."

"பயிற்சி போதலைன்னு எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க. யாரால போதலைங்கறதையும் சேர்த்து எழுதுங்க."

சேர்த்தே எழுதினார். பொய் சொன்னவர்கள் அறுவையாளர்கள் ஆனார்கள். உண்மை சொன்னவர் இன்னொரு வருடம் மாணவரானார். ஆனால் ஆய்வுக்குப் பிறகு வந்த உத்தரவில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: இனி மாதம் இருமுறையாவது பயிற்சி மாணவரே முதன்மை அறுவையாளராக நிற்க வேண்டும்.

உத்தரவுகள் தாமாக நடப்பதில்லை என்பது தாமரைச்செல்விக்குத் தெரியும். அடுத்த திங்களன்று முதல் ஆளாகக் கை கழுவி, கவுன் போட்டு, வலப்பக்கம் போய் நின்றுகொண்டார். ஈரக் கைகளை உயர்த்தியபடி சுப்பராமன் உள்ளே வந்தார்.

"அது என் இடம்மா."

"தெரியும் சார். இடப்பக்கம் காலியா இருக்கு."

ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்த நர்ஸ் ஸ்யாமளா தலை நிமிரவில்லை. எண்ணியதையே மறுபடி எண்ணினார். சுப்பராமன் மேசையை ஒருமுறை பார்த்தார், நோயாளியைப் பார்த்தார், பிறகு சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார்.

அந்த ஓராண்டில் தாமரைச்செல்வி வலப்பக்கம் நின்று முப்பத்து நான்கு பேருக்கு இதய அறுவை சிகிச்சை செய்தார். பழைய ஆறையும் சேர்த்து நாற்பது.